உழைப்பும் உதவியும்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த நிலங்கள் சூழ்ந்த ஊர்கள். கோடையில் குண்டாறு மணலாய்க் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் கண்மாய் நிறையும், கரிசல் விளையும். மழை பொய்த்தாலோ, உழுதவனுக்கு விளைவும் இல்லை. கூலியாளுக்கு வேலையும் இல்லை. தறியுடையோர் தறியை நம்புவர். ஏனையோருட் சிலர் சீமைக்கருவேல மரத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பர். அதுவும் வாய்க்காதவர் வெளியூர் செல்வர். ஆதலின், வேலையின்றி இருப்போர் எல்லாரும் சோம்பேறிகள் ஆகார். வேலை கிடையாமையும் ஒரு துன்பமே.

இத்துன்பத்தைப் போக்கும் வழி யாது? சும்மா பணம் கொடுப்பதா? வேலை கொடுப்பதா? இது பழைய வினா. 1876 முதல் 1878 வரை, இவ்வட்டாரம் அடங்கிய சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. தாது வருடப் பஞ்சம் என மக்கள் அதனைக் கூறினர். பசித்தோருக்கு அரசு வேலை அளித்தது. ஆயின், வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஓர் அணாவும் போதும் என்றார், ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி. அஃது உயிர் வாழப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். 1877-ஆம் ஆண்டிலேயே கூலி உயர்த்தப்பட்டது. வயிறு நிரம்பாத கூலிக்கு வாங்கும் வேலை தண்டனையே ஆகும்.

பின்னர் 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், நாட்டுப்புறக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டில் 100 நாள் வேலை பெறும் உரிமையை வழங்கியது. வேலை கேட்டவருக்கு 15 நாட்களுக்குள் அது கிடையாவிட்டால் உதவிப்பணம் தருதல் வேண்டும் எனவும் விதித்தது. அத்தொகை முதல் 30 நாட்களுக்குக் கூலியில் காற்பங்குக்கும், அதன்பின் அரைப்பங்குக்கும் குறைதல் ஆகாது. உழைப்பே முதல் வழி. அது கிட்டாதபோது உதவி என்பதே இதன் கருத்து.

தமிழ்நாட்டில் இவ்வேலைக்கு வந்தோருள் பெரும்பாலோர் பெண்கள். கண்மாயில் மண் சுமந்த ஒருத்தி மாலையில் பெறும் கூலியும், வேறொருத்தி சும்மா பெறும் பணமும் காசளவில் ஒன்றாகலாம். ஆயினும், உழைத்தவள் உயர்த்திய கரையில் அடுத்த மழைநீர் தங்கும். அந்நீரால் ஊரார் வயல் விளையும், மாடு குடிக்கும். ‘இக்கரையில் என் கையும் பட்டது’ என்று அவள் தலைநிமிர்ந்து நடப்பாள்.

எனினும், மண்வெட்டி பிடிக்க இயலாத முதியோரும் நோயாளரும் உளர். அவர்களை உழைக்கச் சொல்லுதல் கொடுமை. இதனை உணர்ந்தே சென்னை மாநிலத்தில் 1962-ஆம் ஆண்டு முதியோர் உதவித்தொகை தொடங்கப்பெற்றது. திருவள்ளுவரும் ‘இரவு’ என ஓர் அதிகாரமும், அதனையடுத்து ‘இரவச்சம்’ என மற்றோர் அதிகாரமும் வகுத்தார். இயலாதவர் கேட்பது இழிவன்று. இயன்றவர் உழைப்பை விட்டுக் கையேந்துவதே இழிவு.

வலியுள்ள கைக்கு வேலை, அதற்குத் தக்க கூலி, வலியிழந்த கைக்கு உதவி: இம்மூன்றும் உள்ள ஊரில் மழை பொய்த்தாலும் மானம் பொய்க்காது.