உடலினுள் பொருத்தப்படும் செயற்கைப் பொருள்களும் நிர்ப்பீடனமும்

முறிந்த எலும்புக்கு உலோகத் தகடு பொருத்துகிறார்கள். கண்ணின் வெண்படலத்தை அகற்றிச் செயற்கை வில்லை வைக்கிறார்கள். இவை உடலுக்கு அந்நியப் பொருள்களே. கிருமிகளைத் தாக்கும் நிர்ப்பீடனத் தொகுதி இவற்றைச் சும்மா விடுமா? விடாது. நிகழ்வதைப் படிமுறையாகப் பார்ப்போம்.

1. புரதப் படிவு: சில செக்கன்களிலேயே குருதிப் புரதங்கள் பொருளின் மேற்பரப்பில் ஒட்டுகின்றன. வெண்குருதிக் கலங்கள் முதலில் சந்திப்பது இப்படையையே.

2. அழற்சி: முதல் நாள்களில் நடுநிலைநாடிகள் வந்து சேரும். வீக்கம், சிவத்தல், வெப்பம், நோ என்பன தோன்றும்.

3. தின்குழியச் செயல்: அடுத்துப் பெருந்தின்குழியங்கள் வரும். பற்றீரியாவை விழுங்கும் இவற்றால் தகட்டை விழுங்க முடியாது. எனவே பல கலங்கள் ஒன்றிணைந்து, பல கருக்களுள்ள இராட்சதக் கலங்களாகி மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும்.

4. நார் உறை: சில வாரங்களில் கொலாஜன் நார்கள் பொருளைச் சூழும். விழுங்க முடியாததை உடல் வேலியடைத்து ஒதுக்குகிறது எனலாம்.

மெல்லிய உறையால் தகட்டுக்குத் தீங்கில்லை. ஆனால் தோலின் கீழ் வைக்கும் குளுக்கோசு உணரியைத் தடித்த உறை மூடினால், குளுக்கோசு அதனை அடைவது தடைப்படும்.

தெரிந்துகொள்க
• இரண்டாம் உலகப் போரில் சில விமானிகளின் கண்ணுள் பேர்ஸ்பெக்ஸ் துண்டுகள் புகுந்தும் கடும் அழற்சி ஏற்படவில்லை. இதை அவதானித்த ஆங்கிலேய வைத்தியர் ஹரல்ட் றிட்லி 1949இல் அதே வகைப் பிளாத்திக்கினாலான வில்லையைக் கண்ணில் பொருத்தினார்.
• தைத்தேனியத்துடன் எலும்பு நேரடியாக இணைகிறது. சுவீடனின் பிரோனெமார்க் 1965இல் இதைப் பயன்படுத்தி நோயாளி ஒருவருக்குச் செயற்கைப் பல்வேர் பொருத்தினார்.

குழம்ப வேண்டாம்!
மாற்றுச் சிறுநீரகத்தில் இன்னொருவரின் உயிர்க்கலங்கள் உள்ளன. அவற்றின் பிறபொருளெதிரியாக்கிகளை நிணநீர்க்குழியங்கள் இனங்கண்டு தாக்கும். ஆகவே நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து தேவை. தகட்டில் கலங்கள் இல்லை, அம்மருந்தும் தேவையில்லை.

தகடு வைத்த இடத்தில் சீழ் வடிந்தால் “உடம்பு ஏற்கவில்லை” என்று சொல்லி வீட்டில் இருப்போர் உண்டு. அது பெரும்பாலும் பற்றீரியாத் தொற்றாகும். பற்றீரியாக்கள் உலோகத்தில் படலமாகப் படிந்தால் மருந்துக்கும் எளிதில் அழியா. எனவே தாமதியாது வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மாதிரி வினா
சிறுநீரகம் மாற்றியவருக்கு வழங்கும் நிர்ப்பீடன அடக்கி மருந்து, எலும்புத் தகடு பொருத்தியவருக்கு வழங்கப்படாதது ஏன்?

விடைக் குறிப்பு: “தகடு உயிரற்றது” என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். பிறபொருளெதிரியாக்கி, நிணநீர்க்குழியம் ஆகிய இரண்டையும் தொடர்புபடுத்தி எழுதுங்கள்.