கேதார்நாத்துக்கு எத்தனை பனியன்?

சேவூர், அவிநாசி, திருப்பூர்ப் பக்கமிருந்து கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைக்குக் கிளம்பறீங்களா? ரொம்ப சந்தோஷம். முதலில், பரண்மேல் இருந்து இறக்கின அந்தப் பெரிய சூட்கேஸைத் திரும்ப மேலேயே வைத்துவிடுங்கள்!

யாத்திரை என்றதும் நம் வீடுகளில் என்ன நடக்கும்? 'அங்கே குளிருமாமே' என்று ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளி, ஒரு ஜமுக்காளம். 'டெல்லியில் வெயில் கொளுத்துமாமே' என்று பத்து செட் காட்டன் துணி. நடுவில் முறுக்கு டின், ஊறுகாய் பாட்டில். கடைசியில் ஆளுக்கு இருபது கிலோ! வீட்டு வாசலில் தூக்கிப் பார்த்தால், 'பரவாயில்லீங்க, தூக்கிரலாம்' என்றுதான் தோன்றும். மலை ஏறும்போதுதான் அதே பை எமனாகத் தெரியும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2022-ஆம் ஆண்டு உத்தராகண்டின் நான்கு தல யாத்திரையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வழியிலேயே இறந்துபோனார்கள். பெரும்பாலும் மாரடைப்பு. உயரம், குளிர், நடைச் சிரமம் மூன்றும் சேர்ந்து ஏற்கெனவே பலவீனமான இதயத்தைப் பதம் பார்த்துவிடுகின்றன. இதில் உயரத்தை நாம் குறைக்க முடியாது. சுமையையும் குளிரையும் குறைக்கலாம். அதுவும் நம்ம பனியன் ஊர்க்காரர்களுக்கு இது கை வந்த விஷயம்!

ஒரே பயணம், நாலு பருவம்

நம்ம ஊர்ப் பக்கம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் சொச்சம் உயரம். ஹரித்துவாரும் ஏறக்குறைய அதே உயரம்தான். மே மாதம் டெல்லியில் 40 டிகிரியைத் தாண்டும். ஹரித்துவாரிலும் வேர்த்துக் கொட்டும். அங்கிருந்து குப்தகாசி 1,300 மீட்டர். கௌரிகுண்ட் 1,980 மீட்டர். கேதார்நாத் 3,583 மீட்டர். பத்ரிநாத் சுமார் 3,100 மீட்டர்.

புரிகிற மாதிரி சொல்லட்டுமா? ஊட்டி 2,240 மீட்டர். அதற்கும் மேலே இன்னும் 1,300 மீட்டர் ஏறினால் கேதார்நாத்.

ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஹரித்துவாருக்கும் கேதார்நாத்துக்கும் 3,200 மீட்டருக்கு மேல் வித்தியாசம். கணக்குப் போட்டால் 20 டிகிரிக்கு மேல் இறங்கிவிடுகிறது. மே மாத ராத்திரியில் அங்கே பூஜ்யத்தை ஒட்டிப் போகும். போதாக்குறைக்கு மத்தியானத்துக்கு மேல் திடீர் மழை வேறு. இரண்டே நாளில் சித்திரை வெயிலிலிருந்து மார்கழியைத் தாண்டிப் போய்விடுகிறீர்கள்!

அதற்காக நாலு பருவத்துக்கும் நாலு பெட்டியா கட்ட முடியும்? வேண்டியதில்லை. ஒரு சின்ன ரகசியம் தெரிந்தால் போதும்.

குளிரைத் தடுப்பது துணி இல்லை!

'கனமான துணி போட்டால் குளிராது' என்பதுதான் நம் நம்பிக்கை. உண்மையில் குளிரைத் தடுப்பது துணிக்குள்ளேயும் துணிகளுக்கு நடுவிலேயும் அசையாமல் சிக்கியிருக்கும் காற்று. உடம்பின் சூட்டை அது சட்டென்று வெளியே விடாது. துணியின் வேலை அந்தக் காற்றைப் பிடித்து வைப்பது. அவ்வளவுதான்.

அதனால் ஒரே ஒரு மொத்த ஸ்வெட்டரைவிட, ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்ட மெல்லிய உடுப்புகள் மேல். நடுவில் காற்று அடுக்கு கிடைக்கிறது. எடையும் குறைவு. வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றலாம், குளிர் வந்தால் ஒன்றை மாட்டலாம். ஸ்வெட்டரைப் பாதியாகக் கழற்ற முடியுமா?

நீங்கள் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவராக இருந்தால் 'ஜி.எஸ்.எம்.' தெரியும். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை அது. யாத்திரைக்குத் துணி எடுக்கும்போது ஜி.எஸ்.எம். ஏற ஏறக் கதகதப்பும் ஏறும் என்று நினைக்காதீர்கள். என்ன நூல், நனைந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

காட்டன்: கீழே நண்பன், மேலே எதிரி

சாதாரண நிலையில் பருத்தி நூல் காற்றிலிருந்து இழுத்து வைக்கும் ஈரம் சுமார் 8.5 சதவீதம். பாலியஸ்டரில் வெறும் 0.4 சதவீதம். வேர்வை பட்டால் பருத்தி குடித்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. டெல்லி வெயிலில் இது வரப்பிரசாதம். ஈரம் மெல்ல ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஜில்லென்று இருக்கிறது.

அதே பனியனை கேதார்நாத் ஏற்றத்தில் போட்டுப் பாருங்கள். ஏறும்போது வேர்க்கும். பனியன் நனையும். நின்றவுடன் அந்த ஈரத்துணி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். காற்று இருந்த இடத்தில் இப்போது தண்ணீர். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். மேலே எத்தனை ஸ்வெட்டர் போட்டாலும் உள்ளே நடுங்கும்!

கம்பளி மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதுவும் ஈரத்தை வாங்கும். பருத்தியைவிட அதிகமாகவே வாங்கும். ஆனால் அதன் இழை சுருள் சுருளாக இருப்பதால் நனைந்தாலும் அமுங்கிப் போகாது. உள்ளே கொஞ்சம் காற்று தங்கும்.

ஆகவே, ஹரித்துவார் வரை காட்டன். குப்தகாசிக்கு மேலே உடம்பை ஒட்டிய துணி மட்டும் காட்டனாக இருக்க வேண்டாம். இந்த ஒரு வரியை மறக்காமல் இருந்தால் பாதி யாத்திரை ஜெயம்.

மூணு அடுக்கு போதும்

முதல் அடுக்கு: உடம்பை ஒட்டி, விளையாட்டு வீரர்கள் போடும் செயற்கை இழை பனியன் அல்லது மெல்லிய தெர்மல். வேர்வையை வெளியே தள்ளும். சீக்கிரம் காயும்.

இரண்டாவது அடுக்கு: மெல்லிய கம்பளி ஸ்வெட்டர் அல்லது போலார் ஃபிளீஸ் சட்டை. இங்கேதான் உஷார்! நம்மூர் தலைச்சட்டைகளில் உள்ளே பஞ்சு கிளப்பி வருவதையும் 'ஃபிளீஸ்' என்றுதான் சொல்வோம். அது பெரும்பாலும் காட்டன். கனமும் ஜாஸ்தி, காயவும் காயாது. போலார் ஃபிளீஸ் என்பது பாலியஸ்டர். சந்தேகமாக இருந்தால் தையல் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானால் காட்டன். உருகிக் குண்டுமணி மாதிரி உறைந்தால் பாலியஸ்டர். (அதே காரணத்தால், இதைப் போட்டுக்கொண்டு கற்பூரத் தட்டுக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் போகாதீர்கள்.)

மூன்றாவது அடுக்கு: மழைக்கோட்டு. மழைக்கு மட்டுமல்ல, காற்றுக்கும் அதுதான் கதவு. மற்ற துணிகளுக்கு மேலே போடும்படி ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள்.

வேஷ்டிதான் கட்டுவேன் என்கிற அப்பாருக்கும், சேலைதான் என்கிற ஆத்தாவுக்கும்? தாராளமாக. உள்ளே ஒரு தெர்மல் பேண்ட் மாட்டிவிடுங்கள், போதும். காட்டன் சேலைக்குப் பதில் லேசான சிந்தெடிக் சேலை என்றால் எடையும் குறையும், ராத்திரியே காய்ந்துவிடும். ஏறும்போது கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். ஈரக் கொசுவம் காலைத் தடுக்கிவிடும்.

பையில் என்ன? ஒருவருக்கு

காட்டன் உடுப்பு 2 செட் (ரயிலில் போட்டிருப்பதையும் சேர்த்து), முதல் அடுக்கு பனியன் 2, தெர்மல் பேண்ட் 1, உள்ளாடை 3, ஸ்வெட்டர் அல்லது ஃபிளீஸ் 1, மழைக்கோட்டு 1, மங்கி கேப் 1, கையுறை 1 ஜோடி, கம்பளி சாக்ஸ் 2 ஜோடி, சாதா சாக்ஸ் 2 ஜோடி, செருப்பு 1. ஷூ காலில்.

டர்க்கி டவல் வேண்டாம். ஒரு ஈரிழைத் துண்டு போதும். துடைக்கலாம், தலையில் கட்டலாம், உதறிப் போட்டால் காய்ந்துவிடும்.

ஒவ்வொரு செட்டையும் தனித்தனி பாலித்தீன் கவரில் போட்டுக் காற்றை அமுக்கி ஒட்டுங்கள். நம்ம ஊரில் கவருக்கா பஞ்சம்? ஒரு கவரில் உலர்ந்த பனியன், தெர்மல், சாக்ஸ் வைத்து, கேதார்நாத் அறைக்குப் போய்ச் சேரும்வரை திறக்காதீர்கள். நனைந்து போய்ச் சேர்ந்தாலும் மாற்றிக்கொள்ள உலர்ந்த துணி இருக்கிறது என்பதுதான் அங்கே பெரிய சொத்து.

கொறிக்க முறுக்கு டின் எதற்கு? சேவூர் சந்தைக்கு வருகிற நிலக்கடலையே இருக்கிறதே! 100 கிராம் கடலையில் 550 கலோரிக்கு மேல் சக்தி. கடலை மிட்டாயாகக் கொண்டுபோனால் நொறுங்காது, கெடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் வறுகடலை.

எல்லாம் சேர்த்து 7 கிலோவைத் தாண்டக் கூடாது. அதையும் முழுசாக மேலே தூக்க வேண்டாம். பெரிய பையைக் குப்தகாசி அல்லது சோன்பிரயாக் விடுதியில் வைத்துவிட்டு 3 கிலோ கைப்பையோடு ஏறுங்கள். கௌரிகுண்டிலிருந்து நடைபாதை சுமார் 16 கிலோமீட்டர்!

மருந்துப் பை தனி

பி.பி., சர்க்கரை, இதய மாத்திரைகளைப் பயண நாட்களுக்கு வேண்டியதைவிட ஐந்து நாள் கூடுதலாக எடுங்கள். மலைச்சரிவால் ரோடு அடைபட்டால் நாட்கள் நீளும். இரண்டாகப் பிரித்து இரண்டு பேரிடம் கொடுங்கள். டாக்டர் சீட்டின் நகலும் கூடவே இருக்கட்டும்.

இன்சுலின் போடுபவர்கள் கவனியுங்கள். அதற்கு வெயிலும் ஆகாது, உறைபனியும் ஆகாது. ரயிலில் நனைத்த காட்டன் துணியால் சுற்றிய டப்பாவில் வையுங்கள். மருந்து மட்டும் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலையில் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில். ஒருமுறை உறைந்துபோன இன்சுலினைத் திரும்ப உருகினாலும் போடக் கூடாது.

கிளம்ப ஒரு மாதத்துக்கு முன்பே டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள். உயர நோய்க்கு முன்கூட்டியே மாத்திரை தேவையா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

கேதார்நாத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் நம்ம ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஹெலிகாப்டரில் போனால் தப்பிக்கலாமா? அதுதான் இல்லை. சில நிமிடங்களில் மேலே இறக்கிவிடுவதால் உடம்பு பழகிக்கொள்ள நேரமே இருக்காது. எப்படிப் போனாலும் குப்தகாசியில் ஒரு ராத்திரியாவது தங்கிவிட்டுப் போங்கள்.

தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், படுத்தாலும் மூச்சு வாங்குவது... இவை கூடிக்கொண்டே போனால் 'சாமியைப் பார்த்துட்டே எறங்கலாம்' என்று பிடிவாதம் வேண்டாம். உடனே இறங்குவதுதான் முதல் மருந்து.

குளிரில் நடுங்குபவருக்குப் பேச்சுக் குழறினாலோ, நடுக்கம் நின்று மந்தமாகிவிட்டாலோ ஆபத்து. ஈரத்துணியைக் கழற்றி, உலர்ந்த துணியால் சுற்றி, நினைவு தெளிவாக இருந்தால் சூடாக இனிப்புப் பானம் கொடுத்து மருத்துவ முகாமுக்குக் கொண்டுபோங்கள். கை காலைப் பரபரவென்று தேய்க்காதீர்கள். பிராந்தி கூடவே கூடாது. அது உடம்புச் சூட்டை வெளியே விட்டுவிடும்.

கிளம்புமுன் ஒரு வீட்டுப்பாடம்

1. ஒரு காட்டன் பனியனையும் ஒரு பாலியஸ்டர் பனியனையும் நனைத்துப் பிழிந்து ராத்திரி கொடியில் போடுங்கள். விடிகாலையில் தொட்டுப் பாருங்கள். எதை மேலே கொண்டுபோவது என்று கையே சொல்லும்.

2. மூன்று அடுக்கையும் ஒன்றாக மாட்டி, கையைத் தலைக்கு மேலே தூக்குங்கள். இறுக்கினால் காற்றுக்கு இடமில்லை என்று அர்த்தம்.

3. பையை எடை போடுங்கள். பிறகு அதை மாட்டிக்கொண்டு காலையில் அரை மணி நேரம் நடங்கள். வாலீஸ்வரர் கோயிலைச் சுற்றி வந்தாலும் சரி. நடக்கும்போது பேச முடியாமல் மூச்சு வாங்கினால், பையிலிருந்து எதையாவது எடுத்துவிட்டு மறுநாள் திரும்ப நடங்கள்.

வெறும் கையோடு நடந்தாலே மூச்சு வாங்குகிறதா? நெஞ்சை அடைக்கிறதா? அப்படியானால் பையில் கை வைக்காதீர்கள். டிக்கெட் போடும் முன்பே டாக்டரைப் போய்ப் பாருங்கள். கேதாரம் எங்கேயும் போய்விடாது!