நகர்காண் செலவு: பொழிச்சலூரிலிருந்து ஓர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையுற்று எதிர்வரும் கலைஞனைத் தான் கண்ட வள்ளல்பால் செல்லுமாறு வழிப்படுத்துவதே இவ்வகையின் இலக்கணம் எனத் தொல்காப்பியர் புறத்திணையியலுள் கூறுவர். இந்நூல்களை வள்ளலின் புகழ்பாடும் நூல்களாகவே நாம் வகுப்பறைகளில் பயின்று வருகிறோம். எனினும் அவற்றைப் பயண ஏற்பாட்டு நூல்களாகவும் பயிலலாம். பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளில் காஞ்சி செல்லும் வழியை உரைக்குங்கால் எந்நிலத்தார் இல்லத்தில் எவ்வுணவு கிடைக்கும் என்பதை விடாது சொல்கிறது. மலைபடுகடாமோ இடர்களையும் எடுத்துரைக்கிறது. பன்றிக்கு வைத்த கல்பொறி, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல், வழுக்கும் பாறை எனக் கூத்தன் அஞ்ச வேண்டிய இடங்களெல்லாம் அதன்கண் உள. வழி, உணவு, தங்கல், இடர், சென்றடைந்த இடத்தில் நடந்துகொள்ளும் முறை ஆகிய ஐந்தையும் முன்னரே சொல்லிவிடுவது நம் முன்னோர் கண்ட நெறி.

இம்மரபு சங்க காலத்தோடு நின்றுவிடவில்லை. 1901ஆம் ஆண்டு பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கத்திற்குப் புலவரை ஆற்றுப்படுத்திப் 'புலவராற்றுப்படை' பாடியவர் நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908). பொன்னையும் பொருளையும் வழங்கும் மன்னனிருந்த இடத்தில் கல்வியை வழங்கும் ஒரு சங்கத்தை வைத்துப் பாடிய அவர்தம் துணிவு நம் துறை மாணவர் நெஞ்சிற்கொள்ளத் தக்கது. அந்நெறியில் நின்று, பொழிச்சலூரிலிருந்து சென்னையின் பண்பாட்டு இடங்களைக் காண இரண்டு நாட்செலவு ஒன்றை வகுத்துக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு ஒரு தேவையும் இருக்கிறது. நம் புறநகர் மாணவர் பலர்க்கு எழும்பூர் என்பது தொடர்வண்டி மாறும் இடம். கோட்டை என்பது தலைமைச் செயலகத்தில் மனுக் கொடுக்கும் இடம். திருவல்லிக்கேணி என்பது தேர்வுக்குப் பயில்வோர் அறையெடுக்கும் இடம். அருங்காட்சியகத்தின் செந்நிறக் கட்டடங்களைப் பேருந்துச் சாளரத்தின் வழியே கண்டவர் பலர், உட்புகுந்தவர் சிலரே. கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறையினர்க்கு இவ்விடங்கள் தமக்குரியவை அல்ல என்னும் எண்ணம் எப்படியோ படிந்துவிடுகிறது. நகரைப் பாடநூலில் மட்டும் கண்டு பட்டம் பெற்றுச் செல்வது அவர்க்கு நேரும் இழப்பு.

செலவை ஊரிலிருந்தே தொடங்குதல் வேண்டும். பொழிச்சலூர் என்றவுடன் வெளியூரார் அகத்தீசுவரர் கோயிலையும், அதனை வட திருநள்ளாறு என வழங்குவதையும் நினைப்பர். நமக்கோ அடையாற்றின் வெள்ளமும் தலைமேல் பறக்கும் விமானங்களின் ஓசையுமே முதலில் நினைவுக்கு வரும். அடுத்துள்ள பம்மல், தமிழ் நாடகத்திற்குப் புத்துயிர் ஊட்டிச் சுகுண விலாச சபையை 1891இல் தோற்றுவித்த சம்பந்த முதலியாரின் பெயரோடு இணைந்த ஊர். அனகாபுத்தூர் நெசவாளர் நெய்த கட்டம்போட்ட சென்னைத் துணி நைசீரியா வரை சென்றது. குரோம்பேட்டையின் பெயரே தோல் பதனிட்ட குரோம் தொழிற்சாலை தந்தது.

இவையனைத்தினும் பழமையானது பல்லாவரத்துக் கல். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சார்ந்த இராபர்ட் புரூசு பூட் 1863 மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவியே இந்தியாவில் பழைய கற்கால மாந்தர் வாழ்ந்தமைக்கு முதற்சான்றாயிற்று. அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். அத்திரம்பாக்கக் கருவிகளுள் தொன்மையானவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என 2011இல் வெளியான ஆய்வு நிறுவியது. பூட் தம் வாழ்நாளில் திரட்டிய தொகுதியைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் விலைக்கு வாங்கியது. ஆகவே எழும்பூருக்குச் செல்லும் நம் மாணவர் அயலார் வீட்டிற்குச் செல்லவில்லை. தம் ஊர்ப்பொருளைக் காணவே செல்கின்றனர்.

இனி நாள் குறித்தல். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திற்கும் புனித சார்ச்சுக் கோட்டை அருங்காட்சியகத்திற்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. சுமுஆத் தொழுகைக்குரிய அந்நாளில் நாமும் செல்லப்போவதில்லை என்பதால் இது நமக்கு இடையூறன்று. கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்திராவைச் சேர்க்க விரும்புவோர் அதன் விடுமுறை செவ்வாய் என்பதை நினைவிற்கொள்க. எனவே சனியும் ஞாயிறும் பொருந்தும். கூட்டம் வேண்டாதவர் புதனும் வியாழனும் கொள்ளலாம். நம் எண்ணம் அதுவே. ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகத்தில் கல்வெட்டின் முன் நின்று ஆசிரியர் பேசினால் கடைசி வரிசையிலிருப்பவர்க்குக் கேளாது.

முதல் நாள் எழும்பூருக்கே உரியது. பல்லாவரத்தில் மின்தொடர்வண்டி ஏறினால் முக்கால் மணி நேரத்திற்குள் எழும்பூரை அடையலாம். கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931இல் ஓடத் தொடங்கிய இம்மின்தடமே நம் புறநகரை வளர்த்தது. சிலர் இது பயணம் ஆயிற்றே, தொழுகையைச் சுருக்கலாமோ என வினவுவர். பொழிச்சலூருக்கும் எழும்பூருக்கும் உள்ள தொலைவு அச்சலுகைக்குப் போதாது. லுஹரை முழுமையாகவே தொழ வேண்டும். நிகழ்ச்சி நிரலில் அதற்கு நேரம் ஒதுக்குக.

அருங்காட்சியகம் 1851இல் கல்லூரிச் சாலையில் தொடங்கப்பெற்று, 1854இல் பாந்தியன் சாலைக்கு வந்தது. முதற்பொறுப்பாளர் எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர். கல்கத்தாவில் 1814இல் தோன்றியதற்கு அடுத்த தொன்மை உடையது. ஒரே நாளில் அனைத்தையும் காண முயல்வது வீண். முன்வரலாற்றுப் பகுதி, அமராவதிச் சிற்பங்கள், செப்புப் படிமக் கூடம், நாணயங்கள் ஆகிய நான்கையும் காண்க. திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்க்க வேண்டா என்றாலும் மாணவர் பார்த்தே தீருவர், அதற்கும் கால் மணி நேரம் கொடுக்க. முன்வரலாற்றுப் பகுதியில் பூட் திரட்டியவற்றின் முன் நிற்குங்கால், அலெக்சாந்தர் ரே என்பார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பல்லாவரத்தில் கண்டெடுத்த சுடுமண் ஈமப்பேழையைப் பற்றியும் ஆசிரியர் எடுத்துரைப்பாராக. முதுமக்கள் தாழி பாடும் புறநானூற்றுப் பாடல்கள் அப்போது மாணவர்க்கு வேறொரு பொருள் தரும்.

படிமக் கூடத்துள் முஸ்லிம் மாணவர் செல்வதேன் எனப் பெரியோர் சிலர் வினவுவதுண்டு. அவர்தம் கவலையை நாம் இகழவில்லை. வழிபடுதல் வேறு, அறிதல் வேறு என்பதே நம் விடை. ஏறத்தாழ 1030இல் அல்பிரூனி இந்துக்களின் சமயம், கணிதம், வானியல் ஆகியவற்றை அவர்தம் நூல்களைக் கற்றே எழுதினார். அவரது ஈமான் அதனால் குறையவில்லை. உலகில் சுற்றித் திரிந்து முன்னோர் நிலையைக் கண்டறியுமாறு திருமறையும் பலவிடத்து ஏவுகின்றது. திருவெண்காட்டு அர்த்தநாரியும் திருவாலங்காட்டு ஆடவல்லானும் சோழர் காலத்து உலோகத் தொழிலின் உச்சம். மெழுகில் உருச்செய்து, மண்பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்த்த அக்கைவினைஞரின் திறத்தை அறியாமல் சோழர் கால இலக்கியத்தைக் கற்பிப்பது இயலாது.

அதே வளாகத்தில் 1896இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா நூலகம் உள்ளது. நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களுள் அஃது ஒன்று. மாலை நாலு மணிக்கு மேல் அங்கு ஒரு மணி நேரம் அமர்ந்து, கண்டவற்றை அங்கேயே எழுதி முடிப்பது நல்லது. வீட்டிற்குச் சென்றபின் எழுதலாம் என்பது எழுதாமைக்கு மறுபெயர்.

தங்கல் பற்றியும் சொல்ல வேண்டும். பொழிச்சலூரார்க்கு இது தேவையில்லை. இரவு வீடு திரும்பலாம். நெல்லை, நாகை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வரும் விருந்தினர் மாணவர்க்கே தேவை. தமிழர் வழக்கில் 'ஓட்டல்' என்றால் உணவகம், தங்குமிடம் 'லாட்ஜ்'. எழும்பூர் நிலையத்தின் எதிரே கென்னட் சந்தில் லாட்ஜுகள் நெருங்கியிருக்கின்றன. அருங்காட்சியகம் அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவு. பெரியமேட்டில் முஸ்லிம் பயணிகட்கென எழுந்த சித்தீக் சராய் உண்டு. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் ஆடவர்க்கு மட்டுமே, அதுவும் திங்கள் வாடகைக்கே பெரும்பாலும் பொருந்தும். விமான நிலையத்தையொட்டிய பெரிய விடுதிகள் நமக்கு அண்மையில் இருப்பினும் மாணவர் கைக்கு எட்டா. முன்பதிவு செய்யுங்கால் இரண்டு கேள்விகளைத் தவறாது கேட்க: வாடகை நாள் நுழைந்த மணியிலிருந்து கணக்கிடப்படுமா, நண்பகல் முதல் நண்பகல் வரையா? மாணவியர் குழுவிற்குத் தனித் தளம் உண்டா? முதற்கேள்வியைக் கேளாதவர் காலை ஐந்து மணிக்கு வந்திறங்கி, நண்பகலுக்குள் ஒரு நாள் வாடகையை இழப்பர்.

இரண்டாம் நாள் கோட்டைக்கு உரியது. அனகாபுத்தூர்த் துணியை மேலே குறித்தோம். 1639இல் பிரான்சிசு டே இக்கடற்கரையில் இடம் கேட்டதற்கு, இப்பகுதித் துணி நயமாகவும் மலிவாகவும் கிடைத்தமை ஒரு காரணம். கோட்டை அருங்காட்சியகம் 1795இல் கட்டி முடிக்கப்பெற்ற வணிகர் கூடத்தில் 1948 முதல் இயங்குகிறது. 1947 ஆகஸ்டு 15இல் கோட்டையில் ஏற்றப்பெற்ற தேசியக் கொடி அங்குக் காட்சிக்கு உள்ளது. ஆர்க்காட்டு நவாபுகளின் ஓவியங்களும் உள. தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் அருகிருப்பதால் காவற் சோதனை உண்டு. கல்லூரி அடையாள அட்டை ஒவ்வொருவரிடமும் இருத்தல் வேண்டும். துறைத்தலைவரின் கடிதம் ஒன்று பையிலிருப்பது மேலும் நன்று.

உயர்நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் வாலாஜா பள்ளிவாசல் அண்மையில் உள்ளது. லுஹரை அங்குத் தொழலாம். மாணவியர்க்கான ஏற்பாட்டை முன்னரே விசாரித்துக்கொள்க. 1795இல் நவாப் முகம்மதலி வாலாஜாவின் குடும்பத்தார் கட்டிய இப்பள்ளி, இரும்பும் மரமுமின்றிச் சாம்பல்நிறக் கருங்கல்லால் எழுந்தது. இதன் கட்டட ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கல்வெட்டுத் தொடரை அமைத்தவர் நவாபின் அவையிலிருந்த இராசா மக்கன் லால் என்னும் இந்துப் புலவர். அரபு எழுத்துகட்கு எண் மதிப்பு உண்டு. அதனை அப்ஜத் என்பர். இறைவனை நினைவுகூர்தலே மிகப் பெரிது எனப் பொருள்படும் மூன்று சொற்களை அவர் தேர்ந்தார். அவற்றின் மதிப்பு முறையே 920, 66, 223. கூட்டினால் 1209 ஆகிறது. அதுவே ஹிஜ்ரி ஆண்டு. அரபுத் துறை மாணவர் ஒருவரை அழைத்துச் சென்று அங்கேயே கூட்டிப் பார்க்கச் செய்யலாம். காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிபின் அடக்கவிடமும் அவ்வளாகத்திலேயே உள்ளது. உணவிற்கு அண்ணாசாலையில் 1951இல் தோன்றிய புகாரி உணவகம் உண்டு. கைப்பணம் குறைந்தோர்க்குத் திருவல்லிக்கேணித் தெருக்களே போதும்.

நிகழ்ச்சிகளுள் திசம்பர் இசைவிழா, ஆகஸ்டு 22ஐ ஒட்டிய சென்னை நாள் நடைகள், பொங்கல் காலச் சென்னைச் சங்கமம் முதலியன உள. தமிழ்த்துறைக்கு இவை யாவற்றினும் புத்தகக் காட்சியே தலையாயது. முதற்காட்சி 1977 திசம்பரில் அண்ணாசாலை மதரசா-ஏ-ஆசம் பள்ளியில் 22 கடைகளோடு நடந்தது. பின்னர்ப் பல்லாண்டு காயிதே மில்லத் மகளிர் கல்லூரி வளாகத்தில் நடந்தது. தமிழ்நூல் வணிகத்தின் இப்பெருவிழாவிற்கு முதலில் இடம் தந்தது ஒரு முஸ்லிம் கல்விச்சாலை என்பதை நம் மாணவர் பலர் அறியார். இப்போது சனவரியை ஒட்டி நடைபெறும் அக்காட்சிக்குச் செல்லத் திட்டமிடுவோர் பிறைக்கணக்கையும் நோக்க வேண்டும். ரமளான் ஆண்டுதோறும் பதினொரு நாள் முன்னேறி வருவதால் 2029, 2030 ஆகிய ஆண்டுகளில் அது சனவரித் திங்களில் அமையும். நோன்போடு கூட்டத்தில் அலைதல் கடினம். அவ்வாண்டுகளில் காலையிலேயே சென்று அஸருக்குமுன் திரும்புமாறு வகுக்க.

மாலையில் அரசினர் தோட்டத்தினின்று விமான நிலையம் வரை மெட்ரோவில் நேரே வந்துவிடலாம். மகரிபுக்கு முன் ஒரு மணி நேரம் இருப்பின், பல்லாவரத்துக் குன்றிலுள்ள குடைவரையைக் காண்க. முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த ஐந்து அறைகளையுடைய இக்குடைவரையில் அவனுடைய விருதுப் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. நீண்ட காலமாக அது முஸ்லிம்கள் போற்றும் தர்காவாக விளங்குகிறது. செங்கல், மரம், உலோகம், சுதை இன்றிக் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டில் எழுதி வைத்த மன்னன் அவன். நண்பகலில் நாம் தொழுத வாலாஜா பள்ளியும் இரும்பும் மரமும் தவிர்த்தது. இரண்டையும் ஒரே நாளில் காண்பவர்க்கு ஆசிரியர் விளக்கம் அதிகம் வேண்டாம்.

அக்குடைவரை எழுத்துகளின்மேல் சுண்ணாம்போ வண்ணமோ ஏறாதவாறு காத்தலை நம் சமுதாயப் பெரியோர் மேற்கொள்ள வேண்டுகிறோம். எழுத்துகளைப் படியெடுக்கப் பயிற்சி பெற்ற மாணவர் நால்வரை ஆண்டுதோறும் அனுப்பத் தமிழ்த்துறை ஆயத்தமாக வேண்டும். தர்காவிற்குச் செல்வோர் தலையை மூடி, காலணியை வெளியே விட்டு, கந்தூரி நாள்களைத் தவிர்த்து, பொறுப்பிலிருப்பவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டுச் செல்க. இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும். அங்கிருந்து பொழிச்சலூருக்குப் பேருந்து உண்டு.