உயிரணுவின் திண்ணையிலே



ஒரே வீட்டில் நால்வர் வாழ்கின்றனர். ஒரே காற்றைச் சுவாசிக்கின்றனர். ஒருவருக்குக் காசநோய் காண்கிறது. மற்ற மூவரும் நலமாயிருக்கின்றனர். காரணம் என்ன? விடையின் ஒரு பகுதி நம் உயிரணுக்களின் மேற்பரப்பிலே இருக்கிறது.

1882-ஆம் ஆண்டில் இராபர்ட் காக் கண்டறிந்த காசநோய்க் கிருமி, மூச்சு வழியே நுரையீரலை அடைகிறது. விழுங்கணுக்கள் அதனை விழுங்கி, அதன் புரதத்தைத் துண்டாக்குகின்றன. அத்துண்டுகளை எச்.எல்.ஏ. என்னும் மூலக்கூற்றின் பள்ளத்தில் ஏந்தி வெளிப்புறத்தில் வைக்கின்றன. வீட்டினுள் நடப்பதைத் தெருவுக்கு உணர்த்தும் திண்ணை போன்றது இது!

அவ்வழியே வரும் டி-அணு, தன் ஏற்பியால் துண்டைத் தொட்டுப் பார்க்கிறது. பொருந்தினால் பற்றிக்கொள்கிறது. சி.டி.4 என்னும் மூலக்கூறு அப்பிடியை உறுதியாக்குகிறது. ஆயினும், முதன்முறையாக விழிக்கும் டி-அணுவுக்கு இது போதாது. விழுங்கணுவின் பி-7 மூலக்கூறு, டி-அணுவின் சி.டி.28-ஐயும் தொட வேண்டும். வங்கிப் பெட்டகத்திற்கு இரண்டு சாவிகள் வேண்டுமல்லவா? தன் உடலையே தவறாகத் தாக்காதிருக்க இயற்கை வகுத்த காவல் இது. விழித்த டி-அணு காமா இன்டர்ஃபெரான் என்னும் பொருளைச் சுரந்து, கிருமியைக் கொல்லும் வலிமையை விழுங்கணுவுக்கு அளிக்கிறது. எய்ட்ஸ் கிருமி பற்றுவது இந்த சி.டி.4-ஐத்தான். எனவேதான் எய்ட்ஸ் உள்ளவரைக் காசநோய் எளிதில் தாக்குகிறது.

எச்.எல்.ஏ. ஆளுக்கு ஆள் வேறுபடும். நம் மல்லாங்கிணற்றுக்கு அருகிலுள்ள மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் இதனை ஆராய்ந்தனர். தென்னிந்தியக் காசநோயாளரிடையே டி.ஆர்.2 என்னும் வகை மிகுந்திருப்பதாக 1991-இல் வெளியிட்டனர். ஆனால் டி.ஆர்.2 உள்ளவர்களில் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர். சத்துக்குறைவு, நீரிழிவு, புகை ஆகியவையும் நோய்க்கு வழி திறக்கின்றன. ஆகவே இது தலையெழுத்தும் அன்று. குடும்பத்திற்கு இழுக்கும் அன்று.

பெண்பிள்ளைக்குக் காசம் என்றால் ஊர் என்ன பேசுமோ என்று மறைப்போர் இன்றும் உண்டு. மறைப்பதால் நோய் முற்றும், வீட்டாருக்கும் பரவும். இருமல் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருந்து இலவசமே. வழக்கமாக ஆறு மாதம், இடையில் நிறுத்தாது உண்டால் குணமாகும்.

உயிரணு, உள்ளே வந்த பகையை ஒளிக்காமல் திண்ணையில் வைக்கிறது. அதனால் உதவி வந்து சேருகிறது. நாமும் அவ்வாறே செய்வோமாக!