சேது எனும் திருநாமம் தாங்கிய செப்புக்காசு

பன்னிரு சோதிலிங்கத் தலங்களுள் ஒன்றாகவும், சம்பந்தரும் அப்பரும் பாடிய பாண்டிநாட்டுத் தலமாகவும் விளங்குவது இராமேசுவரம். இங்குள்ள கடற்பகுதிக்குச் சேது என்பது பெயர். இத்திருப்பெயர் அடியார்களின் நாவில் மட்டுமன்றி, மக்கள் கையாண்ட காசிலும் இடம்பெற்றிருந்தது என்பது அறியத்தக்கது.

காசின் அமைப்பு

சேதுக்காசு பெரும்பாலும் செம்பினால் ஆனது. ஒருபுறம் நின்ற கோலத்தில் அரசன் உருவம் காணப்படும். மறுபுறம் படுத்த நிலையில் நந்தியும், அதன்கீழ் தமிழ் எழுத்தில் 'சேது' என்னும் சொல்லும் அமைந்திருக்கும். அரசன் பெயர் இராது.

வெளியிட்டவர் யார்?

சேதுவைக் காத்தவர் இராமநாதபுரம் சேதுபதிகள். ஆகவே இக்காசுகள் அவர்களுடையவை எனத் தொடக்கத்தில் கருதப்பட்டன. எனினும் அச்சேதுபதி மரபு நிலைபெற்றது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். காசின் அமைப்போ அதற்கு முற்பட்டது. நின்ற அரசன் உருவம் முதலாம் இராசராசன் காலக் காசுகளின் வழிவந்தது. மேலும், இக்காசுகள் யாழ்ப்பாணப் பகுதியில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் நந்திக்கொடி உடையவர்கள். 'சேதுகாவலன்' என்னும் விருதுப்பெயரும் பூண்டவர்கள். இவற்றால் சேதுக்காசு அவர்களுடையதே என ஆய்வாளர் தெளிந்தனர்.

காசு உணர்த்தும் பாடம்

கடல் இரு கரைகளையும் பிரித்தது. சேதுவின் பெயரோ அவற்றை இணைத்தது. தன் பெயரைப் பொறிக்க இடமிருந்தும், திருத்தலத்தின் பெயரையே பொறித்தான் மன்னன். உப்பும் நெல்லும் வாங்கிய எளியவர் கையிலும் அப்பெயர் புழங்கியது. 1619ஆம் ஆண்டு யாழ்ப்பாண அரசு போர்த்துக்கீசியர் வசமாயிற்று. அரியணை மறைந்தது, ஆணை செலுத்திய மன்னரும் மறைந்தனர். 'சேது' என்ற இரண்டெழுத்தோ காசில் இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

பழங்காசுகள் கிடைப்பின் அவற்றை உருக்குவதோ, எழுத்து அழியத் தேய்த்து மெருகிடுவதோ தகாது. அவ்வெழுத்தே அதன் வரலாறு. அது தேய்ந்தால் எஞ்சுவது வெறும் செம்பே. கிடைத்த இடத்தைக் குறித்துவைத்து, உரிய அரசு அலுவலரிடம் ஒப்படைத்தலே முறை. முன்னோர் போற்றிய திருப்பெயரைப் பின்னோர்க்குக் காத்தளிப்பதும் ஒரு திருப்பணியே ஆகும்.