பேராசிரியர் ஒருவருக்கு

அன்புள்ள ஐயா,

தன்பாலீர்ப்புள்ள மாணவர்களைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, “முப்பது வருடமாகத் தடயவியல் மருத்துவம் நடத்துகிறேன், எங்கள் கல்லூரியில் அப்படி யாரும் கிடையாது” என்று எழுதியிருந்தீர்கள். இருக்கிறார்கள் ஐயா. உங்களிடம் வந்து சொல்லத் துணியவில்லை, அவ்வளவுதான்.

எப்படித் துணிவார்கள்? தன்பாலுறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில், 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளைத் தடை செய்தார். மருத்துவப் பாடங்களைத் திருத்தும் வேலையும் அந்த வழக்கில்தான் தொடங்கியது. இவ்வளவுக்கும் பிறகு, 2024 ஆகஸ்ட் இறுதியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தில், பெண்களுக்கிடையேயான உறவு மறுபடியும் ‘இயற்கைக்கு மாறான குற்றங்கள்’ வரிசையில் வந்து நின்றது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் ஆணையம் அதைத் திரும்பப் பெற்றது. ஆனால் பழைய பதிப்புப் புத்தகங்களும் பழைய நோட்டுகளும் விடுதிகளில் கைமாறிக்கொண்டேதான் இருக்கின்றன.

இருபது வயதுப் பெண் ஒருத்தி உங்கள் வகுப்பில் உட்கார்ந்து, தன்னைக் குற்றமென்று சொல்லும் வரியை நோட்டில் எழுதிக்கொள்கிறாள். தேர்விலும் அதையே எழுதினால்தான் மதிப்பெண். விடுதிக்குப் போனால் வார்டன். ஒரே கட்டிலில் இருவர் சேர்ந்து படித்தாலே சந்தேகம், அறை மாற்றம், வீட்டுக்குப் போன். வீட்டில் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்ப்பார்கள். மெஸ்ஸில் தோழிகள் “உன் ஆளு யாருடி?” என்று கேட்கும்போது, இல்லாத ஒரு பையனின் பெயரைச் சொல்லிச் சமாளிக்கிறாள். நேற்று என்ன சொன்னோம் என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். படிப்புக்குப் போக வேண்டிய தெம்பெல்லாம் இதிலேயே கரைகிறது. இருபாலீர்ப்புள்ளவர்களுக்கோ, “இன்னும் முடிவு பண்ணலையா?” என்ற கேலி இரண்டு பக்கமிருந்தும் வருகிறது.

இவர்களுக்குச் சட்டம் துணையிருக்கிறது. பாலீர்ப்பைக் காரணம் காட்டி ஒரு மாணவரைக் கேலி செய்வதும் ஒதுக்கிவைப்பதும் 2016 முதல் பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி ராகிங். முதலாண்டு மாணவர்களுக்கு நடத்தும் ராகிங் தடுப்புக் கூட்டத்தில் அந்த விதியை ஒருமுறை உரக்க வாசியுங்கள். தன்பாலீர்ப்பு பற்றிய பாடம் வரும் நாளில், இது நோயுமில்லை, குற்றமுமில்லை என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். யார் யார் என்று தேட வேண்டாம். என்றாவது ஒரு பிள்ளை உங்கள் அறைக்கு வந்து சொன்னால், தயவுசெய்து அதை வீட்டுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்