உணவுப் பட்டியலில் ஓர் எண்



உணவு விடுதிக்குச் சென்றால் நம் கண்கள் முதலில் தேடுவது உணவின் பெயரை. அடுத்துத் தேடுவது அதன் விலையை. அண்மைக் காலமாகச் சில விடுதிகளின் பட்டியலில் மூன்றாவதாக ஓர் எண்ணும் இடம்பெறுகிறது. அதுவே அவ்வுணவு தரும் கலோரியின் அளவு. அந்த எண்ணைக் கண்டவர் தம் உணவை மாற்றிக்கொள்கிறாரா? வளரும் பருவத்தினராகிய உங்களுக்கு அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது? இவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கலோரி என்பது யாது?

நம் உடல் இயங்க ஆற்றல் தேவை. ஓடுவதற்கும் படிப்பதற்கும் மட்டுமன்று. உறங்கும்போது இதயம் துடிப்பதற்கும் ஆற்றல் செலவாகிறது. அதனைத் தருவது உணவு. ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு செல்சியஸ் பாகை உயர்த்தத் தேவையான வெப்பத்தையே உணவியலில் ஒரு கலோரி என்கிறோம். இயற்பியல் பாடத்தில் இதற்குக் கிலோகலோரி என்று பெயர்.

அமெரிக்க அறிஞர் வில்பர் அட்வாட்டர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்த ஆராய்ச்சிகளால் நமக்கு ஓர் எளிய கணக்குக் கிடைத்தது. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரியும், புரதம் 4 கலோரியும், கொழுப்பு 9 கலோரியும் தருகின்றன. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையை 5 கிராம் எனக் கொண்டால் அது தருவது 20 கலோரி. அதே 5 கிராம் எண்ணெய் தருவதோ 45 கலோரி. ஆவியில் வெந்த இட்லிக்கும் எண்ணெயில் பொரித்த பூரிக்கும் உள்ள வேறுபாடு இப்போது விளங்குமன்றோ?

நியூயார்க்கு நகரில் நடந்தது

அமெரிக்காவில் இதற்கு வழிகாட்டியது நியூயார்க்கு நகரம். நாடெங்கும் 15 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவு விடுதிகள் தங்கள் பட்டியலில் விலைக்கு அருகே கலோரியையும் காட்ட வேண்டும் என்ற விதி அங்கே 2008ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. உண்மை தெரிந்தால் மக்கள் அளவோடு உண்பார்கள், உடற்பருமனும் நீரிழிவும் குறையும் என்பது அதன் நோக்கம்.

நோக்கம் நிறைவேறியதா? 2009ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, வருவாய் குறைந்த மக்கள் வாழும் பகுதிகளில் துரித உணவு வாங்கியோரின் பற்றுச்சீட்டுகளைச் சோதித்தது. எண்ணைக் கண்டோரில் 100க்கு 28 பேர் "அதனால் என் தேர்வு மாறியது" என்றனர். சீட்டுகளோ வேறு கதை கூறின. விதிக்கு முன் ஒருவர் வாங்கியது சராசரி 825 கலோரி. பின்னர் 846 கலோரி. புள்ளியியல் கணக்குப்படி இதில் பொருட்படுத்தத்தக்க மாற்றம் இல்லை. வாய் சொன்னது ஒன்று, கை வாங்கியது மற்றொன்று!

ஆனால் அதே நகரத்து ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடைகளில், 2011ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, ஒவ்வொரு முறை வாங்கியதிலும் கலோரி சராசரியாக 6 விழுக்காடு குறைந்தது. குறைந்தது தின்பண்டத்தில்தான், பானத்தில் மாற்றமில்லை. வழக்கமாகப் பருகும் காப்பியை எவரும் விடவில்லை. உடன் எடுக்கும் கேக்கைத்தான் சிலர் விட்டனர்.

விலையின் வலிமையையும் காணுங்கள். எண் பலகைகள் வந்த அதே காலத்தில் அந்நகரில் ஒரு நிறுவனம் தன் பெரிய சாண்ட்விச்சை மலிவு விலைக்குக் கொடுத்தது. அங்கே வாங்கப்பட்ட கலோரி ஏறத்தாழ 18 விழுக்காடு கூடிவிட்டது. பணத்தை எண்ணிச் செலவிடும் குடும்பத்திற்குக் கலோரியைவிட விலையே பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை.

சமையலறையில் நேர்ந்த மாற்றம்

2025ஆம் ஆண்டு காக்ரேன் என்னும் ஆய்வு அமைப்பு பல நாடுகளில் நடந்த 25 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. அதன் முடிவு: 600 கலோரி உள்ள ஓர் உணவில், எண்ணைக் காட்டுவதால் குறைவது சராசரி 11 கலோரி. இது அரைத் தேக்கரண்டிச் சர்க்கரைக்குச் சற்றே கூடுதல்.

எனில் முயற்சி வீண்தானா? அன்று. அமெரிக்கா முழுவதும் இவ்விதி 2018ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் பெரிய விடுதிகள் புதிதாகச் சேர்த்த உணவு வகைகளில், முன்பு புதிதாகச் சேர்த்தவற்றைவிடச் சராசரியாக 113 கலோரி குறைவாக இருந்தது. பழைய வகைகள் மாறவில்லை. எண்ணைக் கண்டு உண்பவரைவிட, அதை எழுத வேண்டியிருந்த சமைப்பவரே அதிகம் யோசித்தார் எனலாம்!

எண்ணை எழுதும் இடமும் முக்கியம். 2019ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், எண்ணை உணவின் பெயருக்கு வலப்புறம் எழுதியபோது பயனில்லை. இடப்புறம் எழுதியபோது மக்கள் குறைந்த கலோரி உணவைத் தேர்ந்தனர். வலமிருந்து இடமாக எழுதப்படும் எபிரேய மொழியைப் படிப்போரிடம் இது தலைகீழாக இருந்தது. முதலில் கண்ணில் படுவதே மனத்தில் பதிகிறது.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளைகள் உள்ள உணவு விடுதிகள் ஒவ்வோர் உணவின் கலோரியையும் பட்டியலில் காட்ட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி. உழைக்கும் வயது வந்தோர் ஒருவருக்கு நாள் ஒன்றுக்குச் சராசரி 2000 கலோரி தேவை, எனினும் இது ஆளுக்கு ஆள் மாறும் என்ற குறிப்பையும் அவை எழுத வேண்டும்.

மாணவியரே, இங்கேதான் நீங்கள் விழிப்பாயிருக்க வேண்டும். அந்த 2000 உங்களுக்குரிய எண் அன்று! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரையின்படி, 13 முதல் 15 வயது வரையுள்ள பெண்ணுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 2400 கலோரியும், 16 முதல் 18 வயது வரை 2500 கலோரியும் தேவை. எலும்பும் தசையும் வளரும் காலம் இது. பலகையிலுள்ள எண்ணைக் கண்டு அஞ்சிக் காலை உணவை விடும் பெண் தன் வளர்ச்சியையே விடுகிறாள்.

மேலும், கலோரி கூறுவது ஆற்றலை மட்டுமே. இரும்புச்சத்து எவ்வளவு, சுண்ணாம்புச்சத்து எவ்வளவு என்று அது கூறுவதில்லை. ஒரு குவளை இனிப்புப் பானமும் ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரே கலோரியைத் தரக்கூடும். பானத்தில் இருப்பது சர்க்கரை மட்டுமே, சுண்டலிலோ புரதமும் நார்ச்சத்தும் இரும்பும் உள்ளன. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்தசோகை உள்ளது. வகுப்பில் ஒரு விசுப்பலகையில் ஐவர் அமர்ந்தால் அவர்களுள் மூவர் எனக் கொள்ளுங்கள். அம்மூவரின் சோர்வை எந்தக் கலோரிப் பலகையும் காட்டாது. முருங்கைக் கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை, மீன் ஆகியவையும், அவற்றோடு உண்ணும் நெல்லிக்காய், கொய்யாவும் இங்கே துணை செய்யும்.

இங்கிலாந்து 2022ஆம் ஆண்டு இதே போன்ற விதியைக் கொண்டு வந்தபோது, விரும்பிக் கேட்பவருக்குக் கலோரி இல்லாத பட்டியலைக் கொடுக்கவும் இடமளித்தது. எண்ணைக் கண்டாலே உண்ண அஞ்சும் நோயுற்றோரை எண்ணிச் செய்த ஏற்பாடு அது.

முடிவுரை

பலகையில் எழுதிய எண் தானாக எவரையும் நல்வழிப்படுத்திவிடாது; படிக்கத் தெரிந்தவருக்கே அது பயன்படும். ஆகவே உணவைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று வினாக்களைக் கேட்டுப் பழகுங்கள். இந்த எண் எத்தனை பேருக்குரிய அளவைக் குறிக்கிறது? இந்தக் கலோரி எண்ணெயிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் வருகிறதா, தானியத்திலிருந்தும் பயற்றிலிருந்தும் வருகிறதா? இன்று நான் உண்டதில் கீரையும் பழமும் இருந்தனவா?

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பார் நம் பெரியோர். அளவுக்குக் குறைந்தாலும் உடல் நலிவடையும் என்பதையும் சேர்த்து நினைவிற் கொள்வோம். பெற்றோரும், மகள் தட்டில் எவ்வளவு விடுகிறாள் என்று பார்ப்பதோடு, எதை விடுகிறாள் என்றும் கவனிப்பார்களாக!